கம்பி இணைப்புகளுக்குக் காப்பு

மின்கம்பி தொழிற்சாலையை விட்டு வெளிவரும்போது அதன் மேலுறை நெடுகிலும் சீராக இருக்கிறது. உருகிய பி.வி.சி. பிளாஸ்டிக்கைச் செம்புக் கம்பியின் மீது இயந்திரம் ஒரே தடிப்பில் ஏற்றுகிறது. உறையில் எங்கேனும் ஊசித் துளை விழுந்திருந்தாலும் உயர் மின்னழுத்தச் சோதனையில் அது வெளிப்பட்டுவிடும். அத்தகைய கம்பியை நாம் வாங்கி வந்து இரு துண்டுகளை இணைக்கும்போது என்ன செய்கிறோம்? அந்த உறையை நாமே சீவி எறிகிறோம், செம்பை முறுக்குகிறோம், பிறகு கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றி விடுகிறோம்.

மின் அமைப்புகளில் ஏற்படும் பழுதுகளில் பெரும்பாலானவை கம்பியின் நடுவே தோன்றுவதில்லை, இணைப்புகளில்தான் தோன்றுகின்றன. மழைக்காலத்தில் திருவிழாப் பந்தலில் ஒருவர் மின்சாரம் தாக்கி விழுவதும், ஆழ்துளைக் கிணற்றுப் பம்பு திடீரென நின்று பயிர் வாடுவதும், சுவருக்குள் கம்பி கருகி வீடு தீப்பற்றுவதும் பல வேளைகளில் சரியாக மூடப்படாத ஓர் இணைப்பினால் நேர்பவையே. ஆகவே இணைப்பை எவ்வாறு மூட வேண்டும், எதனால் மூட வேண்டும் என்பதை அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

ஒரு வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். மின்காப்பு என்பது மின்சாரம் வெளியே வராமல் தடுப்பது. அடைப்பு என்பது நீரும் காற்றும் உள்ளே போகாமல் தடுப்பது. இவை இரண்டும் வெவ்வேறு பணிகள். ஒன்றைச் செய்யும் பொருள் மற்றொன்றையும் செய்யும் என்று எண்ணிக்கொள்வதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

இணைப்பு ஏன் சூடாகிறது?

இரு கம்பிகளை முறுக்கும்போது அவை முழுப் பரப்பிலும் ஒன்றையொன்று தொடுவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் மேடும் பள்ளமுமான இரு பரப்புகள் சில புள்ளிகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளின் வழியாகவே நெருக்கியடித்துக்கொண்டு செல்ல வேண்டும். முறுக்கு தளர்வாக இருந்தாலோ செம்பின் மீது கறை படிந்திருந்தாலோ அவ்விடத்தின் மின்தடை கூடிவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 3 கிலோவாட் வெந்நீர்க் கொதிகலன் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். அதற்குச் செல்லும் கம்பியில் உள்ள ஓர் இணைப்பின் மின்தடை 0.2 ஓம் என்று கொள்வோம். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் அங்கே உண்டாகும் வெப்பத் திறன் கிடைக்கும். 13 × 13 × 0.2 = 33.8 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர்கள் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சூட்டுக்கோலின் திறனும் ஏறக்குறைய இவ்வளவே. அதாவது, டேப்புக்குள் ஒரு சூட்டுக்கோலை வைத்துச் சுற்றியது போலாகிறது. பி.வி.சி. உறை தொடர்ந்து தாங்கக்கூடிய வெப்பநிலையோ 70 டிகிரி செல்சியஸ்தான்.

அதே இணைப்பில் இழக்கப்படும் மின்னழுத்தம் 2.6 வோல்ட் மட்டுமே. ஆகவே கொதிகலன் வழக்கம்போல் வேலை செய்யும். எவருக்கும் ஐயம் தோன்றாது. மின்னோட்டம் அளவுக்கு மீறாததால் உருகியும் உருகாது. உருகி நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இங்கே பயன்படுவதில்லை. மேலே எவ்வளவு உயர்ந்த பொருளைப் பூசினாலும் உள்ளே இருக்கும் தளர்வான முறுக்கை அது சரிசெய்யாது. முதலில் கம்பியைச் சுரண்டித் தூய்மை செய்து, இறுக முறுக்கி ஈயப்பற்று வைக்க வேண்டும்; அல்லது செம்புக் குழல் ஒன்றினுள் இரு முனைகளையும் செலுத்தி அதற்குரிய கருவியால் நசுக்கி இறுக்க வேண்டும். காப்பிடுதல் அதன் பிறகுதான்.

செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்குவது இன்னும் தீங்கானது. அலுமினியத்தின் மீது காற்றுப் பட்டவுடன் மின்சாரத்தைக் கடத்தாத ஆக்சைடு படலம் உண்டாகிறது. சூடேறும்போது அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரிவதால், நாளடைவில் பிடி தளர்கிறது. ஈரமும் சேர்ந்துவிட்டால் அந்த இரு உலோகங்களும் ஒரு சிறு மின்கலம் போலாகி அலுமினியம் அரிக்கப்படுகிறது. இதற்கென ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமுமாக அமைந்த இணைப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன.

நீர் நுழையும் வழி

தூய நீர் மின்சாரத்தை மிகச் சிறிதளவே கடத்தும். ஆனால் கிணற்று நீரிலும் மழை நீரில் நனைந்த தூசியிலும் உப்புகள் கரைந்திருக்கின்றன. இத்தகைய நீர் இணைப்பினுள் புகுந்தால் மின்சாரம் அதன் வழியே வெளியே கசிகிறது. ஈரமான மனித உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் கம்பியைத் தொடும்போது 230 மில்லிஆம்பியர் உடலினூடே செல்லும். வீடுகளில் பொருத்தப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் 30 மில்லிஆம்பியரிலேயே மின்சாரத்தை நிறுத்துமாறு அமைக்கப்பட்டுள்ளது. அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் இதயத்தின் துடிப்பைக் குலைத்துவிடக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.

நீர் மேலிருந்து சொட்டித்தான் உள்ளே நுழையும் என்பதில்லை. பல மெல்லிய இழைகளைக் கொண்ட கம்பியில் இழைகளுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நீர் அவற்றின் வழியே ஏறிச் செல்கிறது. மாணவர்கள் இதனை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். எந்த மின் இணைப்பிலும் சேராத ஒரு சாண் நீளமுள்ள பல இழைக் கம்பித் துண்டின் ஒரு முனையைச் சீவி, மை கலந்த நீரில் நிறுத்தி வையுங்கள். ஒரு நாள் கழித்து உறையை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நீர் மட்டத்துக்கு மேலும் இழைகளில் மை ஏறியிருப்பதைக் காணலாம். ஆகவே அடைப்புப் பொருள் செம்பை மூடினால் மட்டும் போதாது. இணைப்பின் இரு பக்கங்களிலும் உள்ள பழைய உறையின் மீதும் சில சென்டிமீட்டர் தொலைவு ஏறி அதனோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கடலடியில் கற்ற பாடம்

நனையும் இடத்தில் இணைப்பை மூடுவது எப்படி என்ற கேள்விக்கு முதன்முதலில் விடை தேடியவர்கள் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டவர்கள்தாம். அவர்களுக்குக் கைகொடுத்தது மலேயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். கட்டாபர்ச்சா எனப்படும் இப்பொருளின் மாதிரிகளை, சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவரான வில்லியம் மாண்ட்கோமரி 1843-ஆம் ஆண்டில் லண்டனுக்கு அனுப்பி வைத்தார். வெந்நீரில் இட்டால் மாவு போல் இளகுவதும், குளிர்ந்தால் இறுகிவிடுவதும் இதன் இயல்பு. இது சிறந்த மின்காப்புப் பொருள் என்பதை மைக்கேல் ஃபாரடே 1848-இல் எடுத்துக் கூறினார். கம்பியின் மீது இதனை ஒட்டுத் தையல் இல்லாமல் ஏற்றும் இயந்திரத்தை ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் உருவாக்கினார். 1870-71-இல் சென்னையைப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரோடு இணைத்த கடலடிக் கம்பிக்கும் இதுவே உறையாக அமைந்தது.

1858-இல் அட்லாண்டிக் கடலின் குறுக்கே போடப்பட்ட முதல் கம்பி சில வாரங்களிலேயே செயலிழந்தது. அதன் சில பகுதிகளில் செம்பு உறையின் நடுவே அமையாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அங்கே காப்பு மெலிந்திருந்தது. உயர் மின்னழுத்தம் செலுத்தப்பட்டபோது அந்தப் பலவீனம் முற்றியது. ஆனால் 1866-இல் நிகழ்ந்தது வேறு. முந்திய ஆண்டில் போடும்போதே அறுந்து கடலில் மூழ்கிய கம்பியின் முனையை, 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற கப்பல் 2 மைலுக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து கொக்கி போட்டுத் தேடி எடுத்தது. கப்பல் தளத்திலேயே புதுக் கம்பியோடு அது இணைக்கப்பட்டு மீண்டும் கடலில் இறக்கப்பட்டது. அந்த இணைப்பைத் தாங்கிய கம்பி அமெரிக்கா வரை செய்திகளைக் கொண்டு சென்றது.

கடலடிக் கம்பி இணைப்பாளர்கள் கையாண்ட முறை இன்றும் மாறவில்லை எனலாம். செம்பு முனைகளைத் தேய்த்துப் பொருத்தி ஈயப்பற்று வைத்தனர். இரு பக்கத்து உறைகளையும் சிறு சாராய விளக்கில் இளக்கி, கையால் இழுத்து இணைப்பின் மீது சேர்த்தனர். கட்டாபர்ச்சாவும் பிசினும் தாரும் கலந்த ஒட்டுக் கலவையை இடையிடையே தடவி, மேலும் மேலும் அடுக்குகளை ஏற்றினர். வியர்வை பட்டால் அடுக்குகள் ஒட்டா என்பதால் கைகளை உலர்வாகவும் தூய்மையாகவும் வைத்துக்கொண்டனர். முடிந்ததும் குளிர வைத்து மின்சோதனை செய்தனர். தூய்மை, உறையோடு உறை ஒன்றுதல், அடுக்கடுக்காக ஏற்றுதல், இறுதியில் சோதித்தல் ஆகிய நான்கும் எந்தப் பொருளைப் பயன்படுத்தினாலும் வேண்டப்படுபவை.

1933-இல் இங்கிலாந்தில் பாலித்தீன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு கட்டாபர்ச்சாவின் காலம் முடிவுக்கு வந்தது. 1956-இல் அட்லாண்டிக்கின் குறுக்கே போடப்பட்ட முதல் தொலைபேசிக் கம்பி பாலித்தீன் உறை கொண்டது.

இரு வகை டேப்புகள்

நாம் கடையில் 'இன்சுலேஷன் டேப்' என்று கேட்டு வாங்குவது பி.வி.சி. டேப். 0.2 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள இந்த நாடா, 230 வோல்ட்டுக்குப் போதிய மின்காப்பைத் தருகிறது. ஆனால் இது நீரை அடைப்பதில்லை. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே பசை மட்டுமே இருக்கிறது. வெயிலில் பசை இளகுகிறது. டேப்பின் ஓரம் எழும்புகிறது. அந்தச் சந்தின் வழியே ஈரம் உள்ளே செல்கிறது. பி.வி.சி.யை மென்மையாக வைத்திருப்பதற்காகச் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் பசையோடு கலந்து அதைக் குழகுழப்பாக்குவதும் உண்டு. மட்டமான டேப்பைச் சில மாதங்கள் கழித்துப் பிரித்தால் கையெல்லாம் ஒட்டுவது இதனால்தான். உலர்ந்த இடத்தில், பெட்டிக்குள் இருக்கும் இணைப்புக்கு பி.வி.சி. டேப் ஏற்றது. நனையும் இடத்துக்கு இது மட்டும் போதாது.

மற்றொரு வகை, தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். இதில் பசையே கிடையாது. சுற்றும்போது இதனை ஏறக்குறைய இரு மடங்கு நீளத்துக்கு இழுத்துச் சுற்ற வேண்டும். இழுபட்ட ரப்பர் தன் அடுத்த சுற்றோடு இறுக அழுந்தி, சில மணி நேரத்தில் அதனோடு ஒன்றாகக் கலந்துவிடுகிறது. பிறகு அதைச் சுற்றுச் சுற்றாகப் பிரிக்க முடியாது. கத்தியால்தான் வெட்டி எடுக்க வேண்டும். சுற்றுகளுக்கிடையே சந்து இல்லாததால் நீருக்கு வழியில்லை. இழுக்காமல் சுற்றினால் இந்தக் கலப்பு நன்கு நிகழாது. ரப்பர் மென்மையானது, உராய்வைத் தாங்காது. ஆகவே அதன் மேல் பி.வி.சி. டேப்பைப் போர்வையாகச் சுற்றுவது வழக்கம். எந்த டேப்பானாலும் ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடியபடி செல்ல வேண்டும்.

பூசும் பொருள்கள்

டேப் சுற்ற முடியாத ஒடுக்கமான இடங்களுக்குப் பூச்சுகள் பயன்படுகின்றன. இந்தியாவுக்கு நெருக்கமான பழைய பூச்சு அரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் இப்பிசினைச் சாராயத்தில் கரைத்து, மின்சுருள்களின் மீது பூசி வந்தனர். அரக்கின் தேவை மிகுந்ததால், அதற்கு மாற்றாக ஒரு செயற்கைப் பொருளைத் தேடிய லியோ பேக்லண்ட் என்ற வேதியியலார் 1907-இல் உருவாக்கியதுதான் பேக்கலைட். நம் வீடுகளில் இருந்த பழைய கறுப்பு, பழுப்பு சுவிட்சுகள் அதனால் ஆனவையே.

இப்போது கிடைக்கும் திரவக் காப்புப் பூச்சு, பிளாஸ்டிக்கைக் கரைப்பானில் கரைத்து ஆக்கியது. தூரிகையால் தடவினால் கரைப்பான் ஆவியாகிப் பிளாஸ்டிக் படலம் எஞ்சுகிறது. ஒரே தடவையில் கனமாகப் பூசினால் மேற்புறம் மட்டும் காய்ந்து, உள்ளே சிக்கிய ஆவி குமிழிகளாக நின்றுவிடும். மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு பூச வேண்டும். ஒரு படலத்தில் ஊசித் துளை விழுந்தாலும் அடுத்த படலத்தின் துளை அதற்கு நேராக அமைவது அரிது என்பதே இதன் பயன். கரைப்பானின் ஆவி தீப்பற்றக்கூடியது. ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில், அருகில் நெருப்பு இல்லாதபோது பூச வேண்டும். நன்கு காயும் வரை மின்சாரம் செலுத்தக் கூடாது. ஈயப்பற்றின் கூர்முனைகள் மெல்லிய படலத்தைக் கிழித்துவிடும் என்பதால் முதலில் அவற்றை அரத்தால் மழுக்கிவிட வேண்டும்.

சன்னல் கண்ணாடிகளை அடைக்கும் சிலிக்கோன் பசையைச் சிலர் மின் இணைப்புகளுக்கும் பயன்படுத்துகின்றனர். புளிக்காடியின் நெடி வீசும் சிலிக்கோன் இதற்கு ஆகாது. காயும்போது அது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அந்த அமிலம் செம்பை அரித்துப் பச்சைக் களிம்பை உண்டாக்கும். நெடியற்ற, நடுநிலை வகைச் சிலிக்கோனையே நாட வேண்டும்.

நிலத்தில் புதைக்கும் கேபிள்களுக்கு எப்பாக்ஸி போன்ற பிசின்களைப் பயன்படுத்துகின்றனர். இணைப்பைச் சுற்றி ஒரு அச்சுப் பெட்டியை மாட்டி, பிசினையும் இறுக்கியையும் கலந்து ஊற்றினால், இரண்டும் வினைபுரிந்து வெப்பத்தை வெளிவிட்டுக் கல் போல் இறுகுகின்றன. இது உறுதியானது, ஆனால் பின்னர் திறந்து பழுதுபார்க்க இயலாது.

பழைய அளவை மறக்காத குழாய்

இணைப்பைக் காப்பதில் அண்மைக் காலத்தின் சிறந்த முன்னேற்றம் சூட்டில் சுருங்கும் குழாய். கடைகளில் 'ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்' என்பார்கள். பாலித்தீனின் மூலக்கூறுகள் நீண்ட இழைகள். சூடாக்கினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உருகிவிடுகின்றன. கதிர்வீச்சைப் பாய்ச்சினால் இவ்விழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் தோன்றுகின்றன என்பதை 1950-களில் பிரிட்டனில் ஆர்தர் சார்ல்ஸ்பி ஆராய்ந்தார். அதன் பிறகு பாலித்தீன் நூல் கற்றையாக இராமல் முடிச்சிட்ட மீன்வலை போலாகிறது. சூடாக்கினால் இளகும், உருகி ஓடாது.

இத்தகைய குழாயைச் சூடாக்கி அகலமாக விரித்து, விரிந்த நிலையிலேயே குளிரச் செய்தால் அப்படியே நின்றுவிடும். மீண்டும் சூடு பட்டதும், முடிச்சுகள் இழைகளைப் பழைய நிலைக்கு இழுக்கின்றன; குழாய் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ சுருங்கி இணைப்பைக் கவ்விக்கொள்கிறது. அமெரிக்காவில் பால் குக் 1957-இல் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இதனைப் பரவலாக்கியது.

இக்குழாயிலும் இரு வகைகள் உண்டு. வெறும் குழாய் மின்காப்பு மட்டும் தரும். அதன் இரு முனைகளிலும் நீர் புகலாம். உட்புறம் உருகு பசை தடவிய குழாயே அடைப்பாகவும் பயன்படும். சூடாக்கும்போது நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கிச் செல்ல வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். இரு முனைகளிலும் பசை சுற்றிலும் சிறிது பிதுங்கி நின்றால் அடைப்பு முழுமையடைந்தது என்று அறியலாம். கம்பிகளை இணைப்பதற்கு முன்பே குழாயை ஒரு கம்பியில் கோத்து வைத்துவிட வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்றுக்குள்

இத்தனை செய்திகளும் ஒருங்கே சோதிக்கப்படும் இடம் ஆழ்துளைக் கிணறு. நீர்மூழ்கி மோட்டாரிலிருந்து வரும் மூன்று கம்பிகள், மேலே செல்லும் தட்டையான கேபிளோடு நீருக்குள்ளேயே இணைக்கப்படுகின்றன. நீர்மட்டத்துக்குக் கீழே 100 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 10 கிலோகிராம். மேலே மழைக்குத் தாங்கும் டேப், இந்த அழுத்தத்துக்குத் தாங்காது. மோட்டார் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் குழாய் அதிர்ந்து கேபிளை உலுக்குகிறது. கம்பிகளுக்கிடையே உள்ள மின்னழுத்தமும் 400 வோல்ட்டுக்கு மேல்.

இணைப்பு நனைந்தால் மோட்டாரை வெளியே எடுக்க வேண்டும். குழாய் குழாயாகக் கழற்றித் தூக்க ஆட்களும் பாரந்தூக்கியும் வேண்டும். அந்த நாட்களில் பயிருக்குத் தண்ணீர் இல்லை. சில ரூபாய் மதிப்புள்ள ரப்பர் டேப்பை மிச்சப்படுத்தியதால் உழவருக்கு நேரும் இழப்பு இது.

தேர்ந்த பணியாளர்கள் மூன்று கம்பிகளையும் ஒரே நீளத்தில் வெட்டுவதில்லை. மூன்று இணைப்புகளும் அடுத்தடுத்து ஒன்றன்பின் ஒன்றாக அமையுமாறு வெவ்வேறு நீளத்தில் வெட்டுகின்றனர். இதனால் ஓர் இணைப்பு மற்றொன்றோடு உரசுவதில்லை, கட்டும் பருமனாகாது. உறையைத் துடைத்துச் சற்றே சொரசொரப்பாக்கி, செம்பை இணைத்து, ரப்பர் டேப்பை இழுத்துப் பல அடுக்குகளாகச் சுற்றி, மேலே பி.வி.சி. டேப்பைப் போர்த்துகின்றனர், அல்லது பசை தடவிய சுருங்கு குழாயைப் பொருத்துகின்றனர். பிறகு இணைப்பை ஒரு வாளி நீரில் சில மணி நேரம் மூழ்க வைத்து, மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட்டில் கம்பிக்கும் நீருக்கும் இடையே உள்ள மின்தடையை அளக்கின்றனர். அது எந்நிலையிலும் 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. புதிய இணைப்பு அதைப்போல் பல மடங்கு காட்ட வேண்டும். 1 மெகாஓம் என்றால் 230 வோல்ட்டில் கசிவு 0.23 மில்லிஆம்பியர் மட்டுமே. வாளியில் தேறாத இணைப்பைக் கிணற்றில் இறக்கக் கூடாது.

வீட்டிலும் வயலிலும்

வீட்டு மின்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுவதே முறை. எனினும் அவர் செய்யும் வேலையில் நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சுவருக்குள் செல்லும் குழாயில் இணைப்பு இருக்கக் கூடாது. திறந்து பார்க்கக்கூடிய பெட்டியில்தான் இருக்க வேண்டும். இணைப்பைத் தொடும் முன் முதன்மைச் சுவிட்சை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வயலிலும் பந்தலிலும் இணைப்பை மண்ணில் கிடத்தாமல் உயரத்தில் தொங்கவிட வேண்டும். கம்பியின் இழுப்பு இணைப்பின் மீது விழாதபடி இரு பக்கமும் கட்டிவிட வேண்டும். மின்கசிவுத் துண்டிப்பானைப் பொருத்துவது இன்றியமையாதது. அது இருக்கிறது என்பதற்காக ஈரமான இணைப்பைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது.

எந்த டேப்பும் எந்தப் பூச்சும் தன்னளவில் இணைப்பைக் காத்துவிடாது. உலோகத்தை உறுதியாக இணைத்தல், மின்காப்பிடுதல், நீரை அடைத்தல், உராய்விலிருந்து காத்தல், சோதித்தல் என்ற வரிசையில் எதையும் விடாமல் செய்தால் சாதாரண டேப்பும் நெடுநாள் உழைக்கும். அடுத்த முறை கம்பியை இணைப்பவர் டேப்பைக் கையில் எடுக்கும்போது, 'இந்த இடம் நனையுமா?' என்று கேளுங்கள். நனையும் என்றால், அங்கே வேண்டியது மின்காப்பு மட்டுமன்று, அடைப்பும் கூட.